நாணற் குடிசையும் எண்ணெய்ப் பணமும்

ஓர் அரசின் நெஞ்சம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றறிய, அமைச்சர்களின் மேடைப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. வரவு செலவுத் திட்டத்தைப் புரட்டினால் போதும். நாவிலே அன்பு நடமாடலாம்; கணக்கேட்டிலேதான் உண்மை குடியிருக்கும்!

பள்ளியிலே மெசபடோமியா என்று நாம் பாடம் சொல்லுகிறோமே, அந்த ஈராக்கின் கதையைக் காண்போம். 1927இல் கிர்க்குக் அருகே பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டெழுந்தது. மண் ஈராக்கியருடையது, எண்ணெயோ பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சு, அமெரிக்க முதலாளிகள் கூடி நடத்திய ஈராக் பெட்ரோலியம் கம்பெனியின் பிடியிலே! 1952இல்தான் இலாபத்தில் சரிபாதி என்ற உடன்பாடு பிறந்தது. பணம் வெள்ளமெனப் பாய்ந்தது.

அவ்வளவையும் அரண்மனை விழுங்கிவிட்டது என்போமா? என்னோம். மன்னராட்சிக்கும் நியாயம் வழங்குவதே பகுத்தறிவு. 1950இலேயே வளர்ச்சி வாரியம் ஒன்றை அமைத்தனர். 1952 முதல் எண்ணெய் வருவாயில் நூற்றுக்கு 70 பங்கை அதற்கென ஒதுக்கினர். 1954இல் டைகிரீஸ் ஆறு பொங்கிப் பாக்தாத்தைக் கலங்கடித்தது. 1956இல் சமாராவிலே அணை எழுந்தது. வெள்ளம் தர்தார் பள்ளத்துக்குத் திருப்பப்பட்டது. போற்றத்தக்க பணிதான்.

பின், பிழை எங்கே? பாசனத்துக்குக் கொட்டிய பணம் யாருடைய வயலுக்கு வளம் சேர்த்தது என்று கேளுங்கள், விளங்கும். நிலம் பெரும்பாலும் ஷேக்குகளின் உடைமை. கடன்பட்ட குடியானவன், கடன் தீரும்வரை நிலத்தை விட்டு அகலக் கூடாது என்றது 1933ஆம் ஆண்டுச் சட்டம்! நீர் பெருகினால் நிலமுடையான் செல்வம் பெருகும். நிலமற்றவனுக்கு என்ன பெருகும்? அமாரா உழவர்கள் ஊரைவிட்டு ஓடினர். பாக்தாத்தின் வெள்ளத் தடுப்புக் கரைக்கு அப்பால், நாணற்பாயும் களிமண்ணும் கொண்டு ‘சரீபா’ எனும் குடிசை அமைத்து ஒண்டினர். அதே பாக்தாத்திலே இசைநாடக அரங்கு எழுப்ப, 1957இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டை அழைத்தனர் ஆட்சியாளர்!

எச்சரிக்கை எழாமலில்லை. பேரணைகள் பலன்தரப் பல்லாண்டாகும். மக்கள் இன்றே கண்ணாரக் காணும் நன்மைகளும் வேண்டும் என்று, 1955இல் பிரிட்டிஷ் அறிஞர் சால்ட்டர் பிரபு அறிக்கை தந்தார். அது ஏன் ஆட்சியை உலுக்கவில்லை?

மக்களிடம் வரி வாங்கி வாழும் அரசு, மக்களுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். கம்பெனியிடம் பணம் வாங்கி வாழும் அரசுக்கு அந்த அச்சமேது? 1954இல் பிரதமர் நூரி அல் சயீத் நாடாளுமன்றத்தைக் கலைத்தார், கட்சிகளையும் கலைத்தார். கேட்க வேண்டிய வாய்க்குப் பூட்டு!

1958 ஜூலை 14 அன்று படை எழுந்தது, முடியாட்சி மாய்ந்தது. செப்டம்பரிலே நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. குடிசை மக்களுக்கெனப் பாக்தாத்தின் ஓரத்திலே புதுநகர் எழலாயிற்று. 1972இல் கம்பெனி நாட்டுடைமையாயிற்று. 1978இல் 15 முதல் 45 வயது வரையுள்ள எழுத்தறியாதோர் அனைவருக்கும் கல்வி கட்டாயமாயிற்று. நல்லவைதாம்! ஆயினும் கணக்குக் கேட்கும் உரிமை மட்டும் மக்கள் கைக்கு வரவில்லை. ஆகவேதான், 1980இல் சதாம் உசேன் ஈரான்மீது படையேவியபோது, “எங்கள் பணத்தை எதற்குக் கொட்டுகிறாய்?” என்று தடுக்க எவராலும் இயலவில்லை. பள்ளி கட்டிய எண்ணெய்ப் பணம், எட்டாண்டுகள் பீரங்கிக்கு இரையாயிற்று.

மன்னன் கொடுத்தாலும், படைத்தலைவன் கொடுத்தாலும், கேட்கும் உரிமையின்றிப் பெற்றது பிச்சையே. கொடுத்த கை எந்நேரமும் பறிக்கும்.

தோழர்களே! அந்த நாணற் குடிசையின் வறுமை எவர் தலையிலும் எழுதப்பட்டதன்று, கணக்கேட்டிலே எழுதப்பட்டது. தலையெழுத்தைப் படித்தவர் எவருமில்லை. கணக்கேட்டை நாம் படிக்கலாம். படிப்போம், பிறருக்கும் படித்துக் காட்டுவோம், பிழை கண்டால் கேட்போம்!