மக்கும் ரோபோக்கள்

மக்கும் ரோபோ என்பது, வேலை முடிந்ததும் மண்ணிலோ நீரிலோ உயிருள்ள உடலிலோ சிதைந்து, தீங்கில்லாத எளிய பொருள்களாக மாறிவிடும்படி உருவாக்கப்படும் இயந்திரம். ஜெலட்டின், செல்லுலோஸ், மாவுச்சத்து, பட்டுப் புரதம், மரத்தகடு, பூஞ்சை இழை முதலிய இயற்கைப் பொருள்களால் இதன் உடல் அமைகிறது. ரப்பர்போல வளையும் ரோபோக்களை ஆராயும் மென்ரோபோவியலிலிருந்து கிளைத்த இத்துறை, 2010-களில் தனி உருப்பெற்றது. முழுமையாக மக்கும் என்று சொல்லத்தக்க ரோபோக்கள் இன்றும் மிகச் சிலவே. பெரும்பாலானவற்றில் உடல்தான் மக்குகிறது. மோட்டாரும் பேட்டரியும் சிப்பும் அப்படியே மிஞ்சுகின்றன. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இத்துறையின் சாதனைகளை எடைபோட முடியாது.

தேவை

உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடு. தொழிற்சாலையில் நிற்கும் ரோபோவை ஆயுள் முடிந்தபின் பிரித்தெடுக்கலாம். காட்டில் ஈரப்பதம் அளக்கவும், கடலில் எண்ணெய்க் கசிவைத் தேடவும், மலைச்சரிவில் விதைக்கவும் ஆயிரக்கணக்கில் அனுப்பப்படும் சிறு ரோபோக்களைத் திரும்பப் பொறுக்கி எடுக்க வழியில்லை. இந்தக் காரணத்தால்தான் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜொனாதன் ராசிட்டரும் யோவானிஸ் இயெரொபூலஸும் 2012-இல் லெவர்ஹியூம் அறக்கட்டளை நிதியுடன் மக்கும் ரோபோக்களுக்கான ஆய்வைத் தொடங்கினார்கள்.

ஜெலட்டின் உடல்

விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் மலிவானது, நன்றாக இழுபடக்கூடியது, நுண்ணுயிர்களுக்கு விருப்பமான உணவு. இந்த மூன்றாவது குணம்தான் வரமும் சிக்கலும். வெறும் ஜெலட்டினும் நீரும் சேர்ந்த கூழ்மம் சில நாளில் காய்ந்து நொறுங்கும். காயாமல் வைத்தால் பூசணம் பிடிக்கும். வேலை செய்யும்போது கெடக்கூடாது, வேலை முடிந்தபின் கெடாமல் இருக்கக்கூடாது.

இந்த முரண்பாட்டுக்கு நல்ல விடை ஆஸ்திரியாவிலிருந்து வந்தது. லின்ஸ் நகரின் யோஹான்னஸ் கெப்லர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கால்டன்புருன்னர் குழுவினர் 2020-இல் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் விவரித்த உயிர்க்கூழ்மத்தில் இருப்பவை ஜெலட்டின், சர்க்கரை, கிளிசரால், சிட்ரிக் அமிலம், நீர் ஆகியவை மட்டுமே. எல்லாமே உணவுக்கு உகந்தவை; மிட்டாய்க் கடையில் விற்கும் மெல்லும் ஜெல்லி மிட்டாய்க்கும் இதற்கும் சேர்மானத்தில் அதிக வேறுபாடு இல்லை. கிளிசரால் ஈரத்தைப் பிடித்துவைத்து, கூழ்மம் காயாமல் காக்கிறது. சர்க்கரை அதன் உறுதியையும் இழுபடும் தன்மையையும் கூட்டுகிறது. சிட்ரிக் அமிலம் பாக்டீரியாவைத் தள்ளிவைக்கிறது. இப்படிச் செய்த, யானைத் துதிக்கைபோல வளையும் கையைக் காற்றழுத்தத்தால் மூன்று லட்சம் முறைக்கு மேல் இயக்கியும் அது கிழியவில்லை. வெட்டுப்பட்டாலும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அதே பொருளை வெதுவெதுப்பான நீரில் போட்டால் கரைந்துவிடுகிறது. கழிவுநீரின் நுண்ணுயிர்கள் மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன.

அதே பல்கலைக்கழகத்தார் 2022-இல் இந்தக் கூழ்மத்தை முப்பரிமாண அச்சில் வார்த்து, ஒரு விரல் செய்தார்கள். விரலுக்குள் ஒளியைக் கடத்தும் இழைகளும் கூழ்மத்தாலேயே ஆனவை. விரல் எதிலாவது மோதினால் இழை வளைந்து அதில் செல்லும் ஒளி குறைகிறது. அதை உணர்ந்து விரல் தன் திசையை மாற்றிக்கொள்கிறது. பயன்படுத்தியபின் உருக்கி, ஐந்து முறை வரை மறுபடியும் அச்சிட முடிந்தது. மக்க விடுவதற்குமுன் இத்தனை முறை மீண்டும் பயன்படுவது, மக்கும் தன்மைக்குச் சமமான சிறப்பு என்றே சொல்ல வேண்டும். காற்றை ஊட்டும் பம்பு மட்டும் வழக்கமான பம்பு; அது ரோபோவுக்கு வெளியே நின்றது.

ஆற்றலும் சிப்பும்

பம்பு, பேட்டரி, மின்சுற்று ஆகிய மூன்றும்தான் இத்துறையின் உண்மையான முட்டுக்கட்டை. சுவிட்சர்லாந்தின் லொசான் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் டாரியோ ஃப்ளோரியானோவின் ஆய்வகம் 2022-இல் காட்டிய டிரோன் இதற்குத் தெளிவான சான்று. ஆபத்தில் சிக்கியவருக்கு உணவாகவே பறந்து செல்ல வேண்டும் என்ற எண்ணத்தில், பொரியரிசி வட்டுகளை ஜெலட்டினால் ஒட்டி இறக்கைகள் செய்தார்கள். அவற்றில் ஒரு வேளைக் காலையுணவுக்குரிய 300 கிலோகலோரி இருந்தது. ஆனால் டிரோனின் எடையில் பாதிதான் உண்ணத்தக்கது. மோட்டாரும் மின்சுற்றும் மறுபாதி.

பேட்டரியில் சில முன்னேற்றங்கள் உண்டு. பிரிஸ்டலில் 2004-இல் உருவான ‘எக்கோபாட் 2’, நுண்ணுயிர் எரிபொருள் கலங்களைக் கொண்டு, இறந்த ஈக்களைச் செரித்து மின்சாரம் பெற்றது. அதன் உடல் மக்கக்கூடியதன்று. ஆனாலும் ரோபோ தனக்கு வேண்டிய ஆற்றலைச் சுற்றுப்புறத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்று காட்டியது. சுவிஸ் கூட்டாட்சிப் பொருளறிவியல் ஆய்வு நிறுவனமான எம்பாவில் 2022-இல் செய்த காகித பேட்டரியில், உப்பேற்றிய காகிதத்தின் ஒரு பக்கம் கிராஃபைட் மையும் மறுபக்கம் துத்தநாகத் தூள் மையும் பூசப்பட்டிருக்கும். இரண்டு சொட்டு நீர் விட்டால் 20 நொடியில் மின்சாரம் வருகிறது. ஒரு கலத்தின் மின்னழுத்தம் சுமார் 1.2 வோல்ட். இத்தாலியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாரியோ கைரோனி குழுவினர் 2023-இல் செய்த பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யலாம், தின்னவும் செய்யலாம். ரிபோஃப்ளேவின் எதிர்மின்வாய், குவெர்செட்டின் நேர்மின்வாய், இரண்டுக்கும் இடையே நோரி கடற்பாசித் தாள், வெளியே தேன்மெழுகு உறை. அது 0.65 வோல்ட்டில், 48 மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்தைப் பன்னிரண்டு நிமிடம் தருகிறது. சிறு மின்விளக்கு எரியும், மோட்டார் சுழலாது.

சிப்பைப் பொறுத்தவரை, ஜான் ராஜர்ஸும் ஃபியொரென்ஸோ ஒமெனெட்டோவும் 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வே அடிப்படை. மிக மெல்லிய சிலிக்கான் படலம், மெக்னீசியம் கம்பி, பட்டுப் புரத உறை ஆகியவற்றால் ஆன அந்தச் சுற்று, உடல்திரவத்தில் முழுவதும் கரைந்தது. சிலிக்கான் நாளொன்றுக்குச் சில நானோமீட்டர் வீதமே கரைவதால் படலம் மெல்லியதாக இருந்தே ஆக வேண்டும். எப்போது கரையத் தொடங்க வேண்டும் என்பதைப் பட்டுறை தீர்மானிக்கிறது. சந்தையில் கிடைக்கும் சாதாரண சிப்புகளின் கணிப்புத் திறனுக்கு அருகில்கூட இவை இன்னும் வரவில்லை.

பேட்டரி இல்லாத வழி

முட்டுக்கட்டையை உடைப்பதைவிடச் சுற்றிப் போவது சில சமயம் புத்திசாலித்தனம். அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் லைனிங் யாவ் தலைமையில் உருவாகி, 2023 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியான விதைத்தாங்கி, இத்துறையின் மிக முழுமையான படைப்பு என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. அதில் மின்கலம் இல்லை, கம்பி இல்லை, சிப் இல்லை. எரோடியம் என்ற செடியின் விதைக்குச் சுருள் வால் உண்டு. ஈரம் பட்டால் சுருள் அவிழும். காய்ந்தால் மீண்டும் சுருளும். அந்தத் திருகலில் விதை மண்ணுக்குள் இறங்கிவிடும். யாவ் குழுவினர் வெள்ளை ஓக் மரத்தின் மெல்லிய தகட்டை வேதிமுறையில் கழுவிப் பதப்படுத்தி, சுருளாக வார்த்து, இதே வேலையைச் செய்ய வைத்தார்கள்.

இயற்கையை அப்படியே படியெடுக்காமல் அதன் குறையைச் சரிசெய்ததுதான் இதில் போற்றத்தக்கது. எரோடியத்துக்கு வால் ஒன்று. வால் ஊன்றிக்கொள்ள விரிசலோ புல்லோ கிடைக்காவிட்டால் விதை தரையில் படுத்தபடியே சுழலும். மனிதர் செய்த தாங்கிக்கு மூன்று வால். அவை தரையில் ஊன்றி, விதையை 25 முதல் 30 பாகைச் சாய்வில் நிறுத்துகின்றன. சமதரையில் இரண்டு முறை நனைந்து காய்ந்தபின் 80 விழுக்காட்டுத் தாங்கிகள் மண்ணில் இறங்கின; எரோடியம் விதையில் ஒன்றுகூட இறங்கவில்லை. வானிலிருந்து தூவும் விதைகளைப் பறவைகள் தின்பதும் வெயில் கருக்குவதும் காடு வளர்ப்பில் நெடுநாள் தொல்லை. வெள்ளைப்பட்டை பைன் மரத்தின் பெரிய விதையைக்கூட இத்தாங்கி சுமக்கிறது.

எம்பாவில் மிர்கோ கோவாச்சின் குழுவினர் உருளைக்கிழங்கு மாவுச்சத்தைக் கொண்டு செய்த, சுமார் ஒன்றரை கிராம் எடையுள்ள மிதவைக் கிளைடர்களும் இவ்வகையே. ஜாவா வெள்ளரிக்கொடியின் இறக்கை விதைதான் அவற்றுக்கு மாதிரி. காட்டுக்குள் இறங்கி, மண்ணின் நிலையை அளந்து, பின் மக்கிவிடுவது அவற்றின் பணி. லொசான் ஆய்வகம் 2025-இல் வெளியிட்ட 5 சென்டிமீட்டர் படகு மீன் தீவனத் தூளால் ஆனது. அதனுள் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் நீருடன் சேர்ந்து வாயுவை உண்டாக்க, அந்த வாயு ஒரு திரவத்தைப் பின்புறமாக வெளியேற்றுகிறது. அத்திரவம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் படகு முன்னே நகர்கிறது. சில நிமிடம் ஓடியபின் அது மீன்களுக்கு இரை.

உடலுக்குள்

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேனியெலா ரஸ் குழுவினர் 2016-இல் காட்டிய மடிப்பு ரோபோ, உலர்த்திய பன்றிக்குடல் தோலால் ஆனது. பனிக்கட்டிக் குளிகைக்குள் மடித்து விழுங்கினால், இரைப்பையில் பனி உருகியதும் அது விரியும். உடலுக்கு வெளியே காந்தப்புலத்தை மாற்றி அதை நகர்த்தலாம். குழந்தைகள் விழுங்கிவிடும் பொத்தான் பேட்டரிகளை அகற்றுவதே நோக்கம். சோதனை நடந்தது, நீரும் எலுமிச்சைச் சாறும் நிரப்பிய செயற்கை இரைப்பையில். உள்ளே இருக்கும் சிறு காந்தம் மட்டும் மக்காது.

மக்குதலை அளப்பது

“மக்கும்” என்ற சொல் எந்த இடத்தில், எத்தனை நாளில் என்று சொல்லாதவரை முழுமையற்றது. ஐரோப்பாவின் ஈ.என். 13432 தரநிலை, பொட்டலப் பொருள் தொழில்முறை உரமாக்கலில் ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு உயிர்வழிச் சிதைய வேண்டும் என்கிறது. அத்தகைய சோதனை சுமார் 58 பாகை செல்சியஸில் நடக்கிறது. மக்காச்சோள மாவிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலம் அந்த வெப்பத்தில் சிதையும். குளிர்ந்த மண்ணிலும் கடலிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஜெலட்டினும் மாவுச்சத்தும் அப்படிக் கிடப்பதில்லை, ஆனால் மழையில் சீக்கிரமே கெட்டுவிடும். ரோபோக்களுக்கென்று தனியான தரநிலை ஏதும் பரவலாக நடைமுறையில் இல்லாததால், ஆய்வுக் கட்டுரைகளில் ஒருவர் உரக்குழியிலும் இன்னொருவர் நொதிக் கரைசலிலும் சோதிக்கிறார். முடிவுகளை அருகருகே வைத்து ஒப்பிட முடிவதில்லை. ரோபோவின் மொத்த எடையில் எவ்வளவு மக்குகிறது, எஞ்சும் காந்தம், துத்தநாகம், செம்புக்கம்பி எவ்வளவு என்பதையும் எடைக்கணக்கில் வெளியிடுவது இன்னும் எல்லா ஆய்வகங்களின் வழக்கமாகவில்லை.