காதல் கடிதமும் இல்லாத சட்டமும்

பிசினஸ் லா வகுப்பில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 நடந்துகொண்டிருந்தது. பின் பெஞ்ச் நண்பன் எழுந்து கேட்டான்: "சட்டம் வர்றதுக்கு முன்னாடி செஞ்சிருந்தா தப்பே இல்லையா சார்?" வகுப்பே சிரித்தது. ஆனால் இதே கேள்வி ஒரு நாட்டின் அரசையே திணறடித்திருக்கிறது. அந்தக் கதைதான் இன்று.

2000 மே 4. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. தலைப்பு 'ஐ லவ் யூ'. கூடவே காதல் கடிதம் என்ற பெயரில் ஓர் இணைப்பு. பார்த்தால் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. உண்மையில் அது ஒரு நிரல். கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்துவிட்டதால் பலருக்கு வித்தியாசம் தெரியவில்லை. திறந்தால் போச்சு! அவுட்லுக் முகவரிப் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் அதே கடிதம் உங்கள் பெயரில் போகும். உங்கள் கணினியில் இருக்கும் படங்கள் அழியும். கடவுச்சொல் திருடும் இன்னொரு நிரலையும் அது இறக்கப் பார்க்கும். ஒரே நாளில் உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மின்னஞ்சலை நிறுத்தி வைத்தது.

விசாரணை, மணிலாவில் கணினி படித்த ஓனல் டி குஸ்மான் என்ற இளைஞரிடம் போய் நின்றது. அப்போது அங்கே டயல்-அப் இணையத்துக்குக் காசு அதிகம். அடுத்தவர் கடவுச்சொல்லை எடுத்து ஏழைகள் இலவசமாக இணையம் பார்க்கலாம் என்று ஒரு ஆய்வுத் திட்டத்தையே அவர் கல்லூரியில் கொடுத்திருந்தார். கல்லூரி அதை நிராகரித்துவிட்டது.

சந்தேகம் அவர் மேல் விழுந்தாயிற்று. எந்தச் சட்டத்தில் வழக்கு போடுவது? வைரஸ் எழுதுவதைக் குற்றம் என்று சொல்லும் சட்டமே அந்த நாட்டில் இல்லை. கிரெடிட் கார்டு மோசடிக்கான சட்டத்தை வைத்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. ஜூன் 2000-இல் அவசரமாகப் புதிய சட்டம் வந்தது. ஆனால் மே மாதம் செய்த காரியத்துக்கு ஜூன் மாதச் சட்டம் செல்லாதே! ஆகஸ்டில் வழக்கு கைவிடப்பட்டது. (நம் ஊர் மட்டும் என்னவாம்? நம் சட்டமும் அமலுக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபர் 17-இல்தான்.)

இருபது வருடம் கழித்து, 2020-இல், அந்த வைரஸை எழுதியது தான்தான் என்று ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளரிடம் டி குஸ்மான் ஒப்புக்கொண்டார். அப்போது அவர் மணிலாவில் செல்போன் பழுது பார்க்கும் கடை நடத்திக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் பரவும் என்று நினைக்கவில்லை என்றார், வருத்தமும் தெரிவித்தார்.

இப்போது நண்பனின் கேள்விக்கு வருவோம். நீதிமன்றக் கணக்கில் அது குற்றம் இல்லை. ஆனால் அந்தத் திட்டத்தை நிராகரித்த ஆசிரியர்கள் கையிலும் அப்போது வைரஸ் சட்டம் எதுவும் இல்லை. திருட்டைத் திருட்டு என்று சொல்ல அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. காமர்ஸ் படிக்கும் நமக்கு இது இன்னும் சுலபமாகப் புரிய வேண்டும். ஒருவருக்கு இலவசம் என்றால், இன்னொருவர் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. அவ்வளவுதான்.

இதை எழுதும் நானும் யோக்கியன் இல்லை. சீனியர் ஒருவரின் பாஸ்வேர்டில், அவருக்குத் தெரியாமலே, ஒரு கட்டணப் பாடத்தளத்தை மூன்று மாதம் பார்த்திருக்கிறேன். "யாருக்கு என்ன நஷ்டம்?" என்றுதான் நினைத்தேன். டி குஸ்மானும் அங்கேதான் ஆரம்பித்தார். நேற்று அந்த அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், "முதல்ல பாஸ்வேர்டை மாத்தணும்டா" என்று மட்டும் சொன்னார்.