பனங்காட்டுப் பிள்ளையும் பள்ளிக்கூடப் பணமும்

வழக்கமாக உரம், பூச்சி மருந்து, விதை நேர்த்தி என்று பேசுகிறவன் இன்றைக்குப் பள்ளிக்கூடக் கணக்கைப் பேச வந்திருக்கிறேன். இதுவும் நம் வீட்டு வரவு செலவுதான்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கருப்பட்டிக்குப் பின்னால் ஒரு குடும்பமே உழைக்கிறது. அப்பா காலையும் மாலையும் பனை ஏறுவார். அம்மா விடிலியில் பதநீர் காய்ச்சுவார். சுள்ளி பொறுக்கவும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அந்தக் காலத்தில் பெரிய பிள்ளைகள்தான். அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போனால் வீட்டில் ஒரு ஆள் குறையும். ஆகவே, சம்பளம் வாங்காத பள்ளிக்கூடமும் ஏழைக்கு இலவசம் ஆகிவிடாது.

இதை உணர்ந்துதான் காமராஜர் ஆட்சியில் 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் அது தொடங்கியது. முதலில் ஊரார் நன்கொடை. அடுத்து சர்க்காரும் பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்றால் சர்க்கார் 6, ஊர் 4.

1958 முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு, கரும்பலகை வாங்கிக் கொடுத்தார்கள். 'இது நம்ம பள்ளிக்கூடம்' என்ற எண்ணம் அதில் வளர்ந்தது. நல்ல காரியம்தான்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். மழை பொய்த்த வருஷம் அந்த 4 காசு எங்கிருந்து வரும்? உதவி அதிகம் வேண்டிய ஊர்தான் குறைவாகக் கொடுக்க முடிந்த ஊர். ஊர்ப் பங்கை மட்டும் நம்பிய பள்ளி மானாவாரிப் பயிர் மாதிரி. சர்க்கார் பணம் வாய்க்கால் தண்ணீர். அதுவும் கடைமடை வரைக்கும் வந்து சேர வேண்டும்.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைக்குச் சோறு கிடைத்ததோடு, விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அந்த ஊரிலேயே வேலையும் கிடைத்தது. பள்ளிக்கு வந்த பணம் ஊருக்குள் கூலியாக இறங்கியது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. விடியுமுன் அடுப்பு மூட்டும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஒத்தாசை!

சரி, சர்க்கார் கொடுக்கிறதே, நமக்கென்ன வேலை என்று இருந்துவிடலாமா? கூடாது. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பம்பு செட்டு மானியத்துக்கு எத்தனை தடவை ஆபீஸ் படி ஏறுகிறோம்! அதில் ஒரு தடவையாவது பள்ளிக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். வந்த பணம் எவ்வளவு, கூரைக்கு எவ்வளவு, கழிப்பறைக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

நாலு காசு கொடுத்த நம் பெரியவர்கள் கேள்வி கேட்கும் பாத்தியதையையும் நமக்கு விட்டுப் போயிருக்கிறார்கள். அதைத் தரிசு போடாதீர்கள்.