இனிப்புக்குத் தடையா?

சென்ற தீபாவளிக்கு முந்திய மாலையில், ஆயர் ஈத்தாமில் ஓர் அன்பர் இல்லத்தில் அமர்ந்திருந்தோம். அடுக்களையில் அதிரசம் வெந்துகொண்டிருந்தது. கூடத்தில் குழந்தைகள் 'சாக்லேட் அண்டர்கிரவுண்ட்' என்னும் குறுஞ்சித்திரப் படத்தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அலெக்ஸ் ஷீரர் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நாவலைத் தழுவி ஜப்பானியர் ஆக்கிய தொடர் அது. மக்களின் நலம் காப்பதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்த ஒரு கட்சி சாக்லேட்டைக் குற்றப் பொருளாக்குகிறது. சிறுவர் சிலர் அதை மறைவாகக் காய்ச்சி விற்கத் துணிகின்றனர். கதை இவ்வளவே. முதற் சில பகுதிகளையே கண்டோமாயினும், எழுந்த எண்ணங்கள் பலவாகும்.

"இப்படியும் ஒரு சட்டம் உண்டா?" என்று ஒரு சிறுமி நகைத்தாள். உண்டு என்பதே சரித்திரம் கூறும் விடை.

1965ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தில் பிரபுல்ல சந்திர சென் முதலமைச்சராயிருந்தார். பால் பஞ்சம் கடுமையாயிருந்தது. பாலைத் திரித்து எடுக்கும் 'சானா' என்னும் கட்டியைக்கொண்டே வங்காளத்தார் சந்தேஷும் ரசகுல்லாவும் செய்கின்றனர். ஒரு கிலோ சானாவுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 லிட்டர் பசும்பால் வேண்டும். எனவே, குழந்தைக்கும் நோயாளிக்கும் பால் கிட்டவேண்டும் என்று காரணங்காட்டி, சானாப் பலகாரங்களைச் செய்யக்கூடாதென அவர் சர்க்கார் ஆணையிட்டது. நோக்கம் தீயதென்று எவர் சொல்வார்? ஆயினும், கடாயின் முன் நின்று வயிறு வளர்த்த தொழிலாளியின் கதி என்ன? அன்று மாலை அவன் வீட்டு அடுப்பு எரிவது எப்படி? இதற்கு அந்த ஆணையில் விடையில்லை.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் சென் ஆராம்பாக் தொகுதியில் அஜய் முகர்ஜியிடம் தோற்றார். அவர் கட்சியின் ஆட்சியும் வீழ்ந்தது. சந்தேஷ் ஒன்றே அவரை வீழ்த்திற்றென்பது மிகையாகும். அரிசித் தட்டுப்பாடும், 1966இல் மூண்ட உணவுக் கிளர்ச்சியுமே பெருங்காரணங்கள். ஆனால் பசித்த ஜனங்களுக்கு இனிப்பும் இல்லையென்ற ஆணை, எரியும் தீயில் நெய்யாயிற்று என்பதில் ஐயமில்லை.

பிரிட்டனிலும் 1942 முதல் 1953 வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, மிட்டாய் பங்கீட்டில் இருந்தது. அங்கே பொருள் அறவே தடுக்கப்படவில்லை, இருந்ததைப் பகிர்ந்தனர். சீமான் மகனுக்கும் சுரங்கத் தொழிலாளி மகனுக்கும் ஒரே அளவு. சுமை சமமாயிருப்பின் ஜனங்கள் பொறுப்பர்.

நிற்க. நம் மலாயாவின் கதையையும் நோக்குவோம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்த நம் பாட்டாளிகள், கூலி உயர்வோடு மற்றொன்றையும் கேட்டனர். அது யாது? தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்பதே. தங்களைக் கெடுக்கும் பொருளைத் தடை செய்யுமாறு கேட்டவர்கள் தொழிலாளர்களே! அவர்களுக்குக் கிடைத்ததோ துப்பாக்கிக் குண்டு. அவர்களுடைய தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வங்காளத்தில் ஜனங்கள் கேளாத தடை மேலிருந்து வந்தது. கிள்ளானில் ஜனங்கள் கேட்ட தடை மேலிருந்தோரால் மறுக்கப்பட்டது. ஆதலின், தடை நன்றா தீதா என்று வினவுவது போதாது. அதைக் கேட்டவர் யார், சுமப்பவர் யார், பயன் பெறுபவர் யார் என்றன்றோ வினவவேண்டும்?

இவ்வினா நமக்கு இன்றும் உரியது. 2019ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோருள் 100க்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியருள்ளேதான் விகிதம் மிகுதி. அவ்வாண்டு ஜூலை 1 முதல் இனிப்பூட்டிய பானங்களுக்கு வரியும் வந்தது. காலிழந்தும் கண்ணிழந்தும் வீட்டு மூலையில் இருக்கும் பெரியவர்களை நம் தோட்டத்திலும் பட்டணத்திலும் காணாதார் யார்? சீனி நமக்குப் பகையாகிவிட்டது என்பதை மறைப்பது அறிவன்று.

ஆனால் பகையை வெல்ல, அதிரசத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டியதில்லை. அன்று கள்ளை மூடச் சொன்ன நம் பாட்டன்மார் எவருடைய கட்டளைக்கும் காத்திருக்கவில்லை. தாமே கூடினர், தாமே தெளிந்தனர். அத்தெளிவு இன்று நமக்குக் கைகூடாதா? திருநாளில் ஓர் அதிரசம் உண்போம். நாள்தோறும் தேநீரில் கரையும் சீனியைக் குறைப்போம். சங்கக் கூட்டத்திலும் திருமண வீட்டிலும் இதைப் பேசுவோம்.

அன்று மாலை, அன்பரின் தாயார் தட்டை நீட்டி, "ஒன்று போதும், தம்பி" என்றார். எந்தச் சர்க்காரும் இயற்றாத சட்டம் அது. நாம் மனமுவந்து கீழ்ப்படிந்தோம்.