பிழைபடப் படியெடுக்கும் நச்சுயிரி: எச்.ஐ.வி. மருந்தின் முதற் பத்தாண்டு

ஏடுகளைப் பெயர்த்தெழுதியோரின் கைப்பிழையால் பாடவேறுபாடுகள் தோன்றியதை மொழி பயில்வோராகிய நாம் அறிவோம். எச்.ஐ.வி. நச்சுயிரியின் வரலாறும் ஒருவகையில் படியெடுப்புப் பிழையின் வரலாறே. எழுத்துகள் எனத்தக்க ஏறத்தாழ 9,700 கூறுகளைக் கொண்ட தன் ஆர்.என்.ஏ. இழையை அது டி.என்.ஏ.வாகப் பெயர்த்தெழுதுகிறது. அப்பணியைச் செய்யும் நொதிக்குப் பிழை திருத்தும் ஆற்றல் இல்லை. ஏடெழுதியோராவது சில வேளைகளில் மூலத்தோடு ஒப்புநோக்கினர்!

புற்றுநோய்க்கென 1964இல் ஆக்கப்பட்டு ஒதுக்கப்பட்ட ஏ.இசட்.டி. என்னும் மருந்து அந்நொதியைத் தடுத்தது. 1986இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், வெற்று மாத்திரை பெற்றோருள் 19 பேர் இறந்தனர்; மருந்து பெற்றோருள் இறந்தவர் ஒருவரே. மறு ஆண்டு மார்ச்சில் அம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. வேறு மருந்தே இல்லாத காலம் அது.

அந்நம்பிக்கை நெடிது நிற்கவில்லை. ஆறு மாதங்களும் அதற்கு மேலும் ஏ.இசட்.டி. உட்கொண்டோரிடமிருந்து பெற்ற நச்சுயிரிகள் அதற்குப் பணிய மறுப்பதை லார்டர், டார்பி, ரிச்மன் ஆகியோர் 1989இல் வெளியிட்டனர். நொதியின் 70, 215 முதலிய இடங்களில் அமினோ அமிலங்கள் மாறியிருந்தன.

மருந்தே இம்மாற்றங்களை உண்டாக்கியது என நாம் எண்ணிவிடலாகாது. நோயாளியின் உடலில் நாள்தோறும் ஏறத்தாழ 1,000 கோடி நச்சுயிரிகள் பிறப்பதாக டேவிட் ஹோ, பெரல்சன் முதலியோர் 1996இல் கணக்கிட்டனர். இத்தனை படிகளுக்கிடையே, ஓரெழுத்துப் பிழை ஒவ்வொன்றும் முதல் மாத்திரையை விழுங்குமுன்பே எங்கேனும் நேர்ந்திருக்கும். மருந்து மற்றவற்றை ஒடுக்கி, பிழையுடையதற்கு இடம் விட்டது. நோய் முற்றும் ஆண்டுகளில் உடலின் எதிர்ப்பாற்றலுக்குத் தப்பும் வடிவங்கள் தலையெடுப்பதும் இவ்வாறே.

மூன்று மருந்துகளையும் வெல்லும் பிழைகள் ஒரே படியில் ஒருங்கே அமைவதோ மிக அரிது. 1996 ஜூலையில் வான்கூவர் மாநாடு மும்மருந்துக் கூட்டின் பயனை உலகறியச் செய்தது. 1997இல் அமெரிக்காவில் எச்.ஐ.வி. இறப்பு விகிதம் முந்திய ஆண்டைவிட 47 விழுக்காடு குறைந்தது.

ஆயினும் முன்னரே மருந்து தொடங்கியோர் பலர் அப்பயனை முழுமையாகப் பெறவில்லை. புதிய மருந்து வரும்தோறும் அதனை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்தம் உடலில் நச்சுயிரியும் தடைகளை ஒவ்வொன்றாகக் கடந்திருந்தது. அவர்களைக் குறைகூற நமக்கு இடமில்லை. காத்திருக்க அவர்களுக்குக் காலமில்லை. மருந்தை மாற்றியபின் குருதிச் சோதனையில் தென்படாத பழைய வடிவங்களும் உயிரணுக்களுள் உறங்கிக் கிடக்கும். அதனாலேயே, மருந்தை மாற்றும் மருத்துவர் இன்றும், முன்பு உட்கொண்ட மருந்துகள் யாவை என வினவுகிறார்.