படம் பார்க்கும் முன் எழுதிய பக்கம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய பாடக்குறிப்பு நோட்டு ஒன்று கிடைத்தது. அதில் 'கப்பலோட்டிய தமிழன், 9-ஆம் வகுப்பு' என்று தலைப்பிட்டு மூன்று கேள்விகள். அந்த வகுப்பில் இருந்த சிலருக்கு ஞாபகம் வரும். வாடகைக்கு டெக் எடுத்து, பள்ளிக்கூட ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிப் பார்த்தோமே, அந்தப் படம்.

எந்தப் பாடத்தையும் படமானாலும் புத்தகமானாலும் நேராகத் திறக்க விடமாட்டேன். முதலில் தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதுவேன். நோட்டில் இடது பக்கம் 'பார்க்கும் முன்', வலது பக்கம் 'பார்த்த பின்'. இடது பக்கத்தை நிரப்பாதவனுக்குப் படம் கிடையாது. நமக்குள்ளே முன்கூட்டியே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பார்த்தால், படம் சொன்னதெல்லாம் நமக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி: அந்தக் கப்பல் யாருடையது? ஏறத்தாழ எல்லாரும் 'வ.உ.சி.யின் சொந்தக் கப்பல்' என்றே எழுதியிருந்தார்கள். தலைப்பு செய்த வேலை. பிறகு ஒரு தாள் கொடுத்தேன். 1906-இல் பதிவான சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகள், அதாவது 2 லட்ச ரூபாய்க்கு வாங்கினார். வ.உ.சி.க்கு அங்கே இருந்த பதவி துணைச் செயலாளர்! பையன்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் 25 ரூபாய் என்றதும் ஒருவன், "அப்போ எங்க தாத்தா மாதிரி ஆளும் வாங்கியிருக்கலாமா சார்?" என்றான். வகுப்பு அங்கேதான் உயிர் பெற்றது.

இரண்டாவது கேள்வி: சுதேசி என்றால் யார் உள்ளே, யார் வெளியே? 'வெள்ளைக்காரன் வெளியே' என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 'இந்தியர் மட்டும் உள்ளே' என்று பலர். கம்பெனியோ இந்தியர், இலங்கையர் மட்டுமல்ல, மற்ற ஆசிய மக்களும் பங்கு வாங்கலாம் என்று வைத்திருந்தது. கப்பல் ஓடியதே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில். அப்போது இரண்டு கரையும் பிரிட்டிஷ் முடியின் கீழ்.

மூன்றாவது கேள்வியில்தான் நான் தவறு செய்தேன். 'உன் நாடு எது? எப்படித் தெரியும்?' ஒரு மாணவி, 'எழுதத் தெரியவில்லை சார். தாத்தா இலங்கை என்கிறார், ரேஷன் கார்டு இந்தியா என்கிறது' என்று எழுதியிருந்தாள். நல்ல பதில் என்ற உற்சாகத்தில் உரக்கப் படித்துவிட்டேன். பின் பெஞ்சில் யாரோ 'சிலோன்' என்று கிண்டல் செய்ய, பிள்ளை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இடது பக்கம் எழுதுகிறவனுக்கு மட்டும்தான் சொந்தம் என்று சொன்னவனே நான்தான்.

மறுநாள் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை நடத்தினேன். தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழர்களை 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பெயர் எதுவும் சொல்லவில்லை. முடிந்ததும் அந்தப் பிள்ளை தானாக எழுந்து, "எங்க தாத்தா அந்தக் கப்பல்லதான் வந்தாரு. டிரங்குப் பெட்டி இன்னும் வீட்ல இருக்கு" என்றாள். கிண்டல் செய்தவன் முதல் ஆளாக, "நாங்க பாக்கலாமா?" என்று கேட்டான்.

அதற்கடுத்த நாள்தான் படம். 1961-இல் பந்துலு எடுத்தது, ம.பொ.சி.யின் நூலை ஆதாரமாகக் கொண்டது. சிவாஜி செக்கிழுத்தபோது ஹாலில் ஒரு சத்தமில்லை. இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது, 1912 டிசம்பரில் விடுதலை, அதற்குள் கம்பெனியே இல்லை, கப்பல் போட்டிக் கம்பெனியின் கைக்கே போயிருந்தது. இதைச் சொன்னபோது, "பங்கு வாங்கினவங்க என்ன சார் ஆனாங்க?" என்று வலது பக்கத்தில் எழுதியவர்கள் நான்கைந்து பேர். படம் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. ஆண்டுத்தேர்வில் வரவே வராத கேள்வி. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

அந்த மாணவியின் வலது பக்கத்தை நான் வாங்கிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான்.

அந்த வகுப்பில் இருந்த யாரிடமாவது அந்த நோட்டு இன்னும் இருந்தால், முதல் இரண்டு கேள்விகளுக்கான பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மூன்றாவது உங்களிடமே இருக்கட்டும்.