மலை சரிந்தபின் வருகிறவர்



மழைக்காலம் வந்தால் போடிமெட்டுச் சாலையில் பாறை உருண்டது, போக்குவரத்து நின்றது என்று செய்தி வரும். பாறையை அகற்ற வரும் இயந்திரத்தை எல்லோரும் வேடிக்கை பார்ப்போம். அடுத்த பாறை விழுமா என்று பார்த்துச் சொல்ல வரும் புவியியல் வல்லுநரை யாரும் கவனிப்பதில்லை.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் இதற்கு மூன்று சொற்கள் உண்டு. பாறை பெயர்ந்து விழுந்தால் 'எபுல்மான்', மண் வழுக்கி இறங்கினால் 'கிளிஸ்மான்', சேறாகிப் பாய்ந்தால் 'கூலே'. நாம் மூன்றையும் மண்சரிவு என்றே சொல்லிவிடுகிறோம். வல்லுநர் முதலில் பார்ப்பது இது எந்த வகை என்பதைத்தான். அடுத்து வரும் ஆபத்து அதைப் பொறுத்தது. பிறகு சரிவின் தலைப்பகுதிக்கு ஏறி, புதிய வெடிப்புகள் உண்டா, அவை அகலமாகின்றனவா என்று அளந்து பார்ப்பார். மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, ஊற்று நீர் திடீரெனக் கலங்கியதா, ஓடை வற்றியதா என்றும் பார்ப்பார். மழையில் ஓடை வற்றினால் மேலே மண் அதை அடைத்திருக்கலாம். இத்தனையும் பார்த்தபின்தான் மீட்புப் படை உள்ளே போகலாமா என்று சொல்வார்.

போடி மலைகளில் பரவலாக உள்ள பாறை சார்னோக்கைட். அதற்குப் பெயர் வைத்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட். 1893 செப்டம்பரில் கட்வால் மலையில் கோனா என்ற இடத்தில் மலை சரிந்து, பிரேகி கங்கையைச் சுமார் 900 அடி உயரத்துக்கு அடைத்துவிட்டது. மறு வருடம் அதை ஆராயப் போனபோது ஹாலண்டுக்கு வயது 25. அடுத்த ஆகஸ்டில் ஏரி நிரம்பி வழியும் என்று கணித்தார்கள். ஹரித்துவார் வரை தந்திக் கம்பி இழுத்து, ஆற்றோர மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். 1894 ஆகஸ்ட் 25 இரவு அணை உடைந்தது. ஸ்ரீநகர் என்ற ஊர் அழிந்தது. இறந்தவர்கள் ஐந்தே பேர். சொல்லியும் கேளாமல் திரும்பிப் போன ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தாரும்தான் அவர்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் சேறும் பாறையும் தேயிலைத் தோட்ட லயங்களை மூடின. 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர்கள். மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்திருந்ததால் செய்தி வெளியே வர விடிந்துவிட்டது. 126 ஆண்டுகளுக்கு முன் இமயமலையில் இருந்த தந்திக் கம்பிக்கு ஈடாக அன்று இரவு அங்கே எதுவும் இல்லை.

2004 முதல் நிலச்சரிவு ஆய்வுக்கு மைய அமைப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைதான். வரைபடங்களும் அறிக்கைகளும் வருகின்றன. காலமெல்லாம் கோப்புகளோடு இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஓர் அறிக்கை கையொப்பமான தேதியைக் குறித்துவைக்கிறோம். லயத்தின் கடைசி வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்த தேதியையும் பக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும்.